படித்து முடித்து வேலைக்கு வந்தாயிற்று. ஆனால் நான் யார் பக்கம் நிற்க வேண்டும்?

புதியவள் கேட்டது:

வணக்கம். சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு ஒரு பெரிய மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். வேலைக்குப் புதுசு.

படிக்கும்போது களப்பணிக்கும் மருத்துவமனைக்குத்தான் போனேன். அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தேன். அப்போது கையில் இரண்டு மூன்று கேஸ்தான் இருக்கும். ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவோம்: அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது. மேற்பார்வையாளர் அதை வரிவரியாகப் படித்து, "இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவார். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அதற்கு ஏங்குகிறேன்.

இங்கே எனக்கு மேலே இருப்பவர் நிர்வாக அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் சமூகப் பணி படித்தவர் இல்லை. மாதக் கடைசியில் எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்று எண்ணிக்கை கேட்பார், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன கோப்புகள் அலமாரி நிறைய இருக்கின்றன. எதைத் திறந்தாலும் கடைசி வரி "தொடர் சந்திப்பு தேவை".

தூக்கத்தைக் கெடுப்பது ஒரு கேஸ். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வயதானவர், பக்கவாதம். வலது கையும் காலும் சரியாக வராது, பேச்சும் தெளிவில்லை. சிகிச்சை முடிந்துவிட்டது. வார்டில் என்னைப் பார்த்தாலே "பெட் எப்போ காலியாகும்?" என்கிறார்கள். அவர் கொடுத்த எண்ணில் மகளைக் கூப்பிட்டேன். "இனிமேல் எனக்கு ஃபோன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார். பராமரிப்பு இல்லத்தில் இடம் பார் என்கிறார் டாக்டர். தனியாக வாழ்ந்த அவரோ வீட்டுக்குத்தான் போவேன் என்கிறார். அவர் வீடு மாடியில்.

சம்பளம் தருவது மருத்துவமனை. நான் பேச வேண்டியது அவருக்காக. மாணவியாக இருந்தபோது இது தேர்வுக் கேள்வி, ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பேன். இப்போது டாக்டர் எதிரே நின்றால் வாய் வரவில்லை. படித்ததெல்லாம் எங்கே போயிற்று?


கோப்புக்கட்டு:

அலமாரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதற்குப் பெரியவர்கள் வருவார்கள்.

எல்லாக் கோப்பையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். கடைசிப் பதிவை மட்டும் பாருங்கள். யாருக்காவது ஆபத்து இருக்கிறதா, ஏதாவது கெடு தேதி வருகிறதா, யாருக்காவது ஏதாவது வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறேன்" என்று முன்னவர் சொல்லியிருப்பார், அந்த அம்மா இன்னும் காத்திருப்பார்.

இன்னொன்று: எந்த நிலையில் கோப்புகளைப் பெற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, தேதி போட்டு மேலதிகாரிக்குக் கொடுத்துவிடுங்கள். பின்னால் கேள்வி வந்தால் உதவும்.


பழைய களப்பணியாள்:

தங்கச்சி, படித்தது எங்கேயும் போகவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறாயே, அது படிப்பால் வந்ததுதான்.

"யார் பக்கம்" என்ற குழப்பம் உன்னோடு பிறந்ததில்லை. இந்தத் தொழிலோடு பிறந்தது. 1895ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். மருத்துவ சமூகப் பணியின் வரலாற்றை அங்கிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். அவரை வைத்தது எதற்கு? இலவச சிகிச்சையை வசதி உள்ளவர்கள் பயன்படுத்திவிடக் கூடாது என்று வடிகட்டத்தான். ஆக முதல் ஆளே நிறுவனத்தின் காவலாளாகத்தான் உள்ளே வந்தார். பத்து வருடம் கழித்து, 1905ல், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கபோட் என்ற டாக்டர் வேறு காரணத்துக்காகச் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டார். வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து எழுதிக் கொடுத்துப் பயனில்லை என்பது அவர் கண்டது. இந்த இரண்டு வேலையும் இன்றைக்கும் உன் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை எழுப்பி அனுப்பிவிட முடியாது.

அதனால் டாக்டரிடம் போகும்போது "நோயாளியின் உரிமை" என்று ஆரம்பிக்காதே. கபோட் தேடிய சரக்கோடு போ. டாக்டருக்குத் தெரியாதது உன்னிடம் இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறுகிறாரா? கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டுமா? விழுங்குவதில் சிக்கல் உண்டா? மாத்திரையை நேரத்துக்கு எடுப்பாரா? எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, பக்கத்தில் கூப்பிட்டால் வரக்கூடியவர் யார்? பிசியோதெரபிஸ்டையும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் நேரில் பிடித்துக் கேள். இந்தப் பட்டியலோடு நின்றால் வாய் தானாக வரும்.

அடுத்தது அவர். "வீட்டுக்குப் போவேன்" என்கிறார், சரி. அந்த வீட்டில் அவருக்கு வேண்டியது என்ன என்று கேட்டாயா? பேச்சு தெளிவில்லை என்பதற்காகப் புரிந்துகொள்ளவில்லை என்று வார்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பக்கவாதத்தில் சிலருக்கு வார்த்தைதான் சிக்கும், புத்தி தெளிவாக இருக்கும். சிலருக்குப் புரிதலும் பாதிக்கப்படும். எது என்று பேச்சுப் பயிற்சியாளரை வைத்துப் பார். சமூகப் பணியாளர் உதவி கேட்டு வருபவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பீஸ்டெக் எழுதிய ஏழு கோட்பாடுகளை மனப்பாடம் செய்திருப்பாய். அதில் ஒன்றான சுயநிர்ணயத்தை, அதாவது தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையைப் பற்றி எழுதும்போது அதன் எல்லைகளையும் அவர் சேர்த்தே எழுதினார்: முடிவெடுக்கும் திறன், சட்டம், ஒழுக்க நெறி, நிறுவனத்தின் பணி. தேர்வில் இந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை. ஆபத்து தெரிந்தே ஒருவர் எடுக்கும் முடிவு வேறு, ஆபத்து இருப்பதே யாரும் சொல்லாததால் எடுக்கும் முடிவு வேறு. படிகளைப் பற்றி அவரிடம் யாராவது பேசினார்களா?

இனி உன் சிவப்பு மை. மேற்பார்வைக்கு மூன்று வேலை என்று, சமூகப் பணி மேற்பார்வையைப் பற்றிப் புத்தகம் எழுதிய கடூஷின் பிரித்தார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. உன் அதிகாரி முதலாவதை ஒழுங்காகச் செய்கிறார். மற்ற இரண்டை அவரிடம் எதிர்பார்த்து வருத்தப்படுவது அவருக்கும் நியாயமில்லை. வெளியே தேடு. வேறு மருத்துவமனைகளில் இருக்கும் சமூகப் பணியாளர்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். அதுவரை, வாரத்துக்கு ஒரே ஒரு சந்திப்பைப் பழைய மாணவர் பாணியில் முழுசாக எழுது, உனக்கு மட்டும். பெயர், ஊர், படுக்கை எண் எதுவும் வேண்டாம். நீ பேச்சை மாற்றிய இடம் உனக்கே தெரியும். அப்புறம், வெளி மேற்பார்வையாளர் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுத்தில் கேள். கிடைக்காமல் போகலாம், ஆனாலும் கேட்டது பதிவில் இருக்கட்டும்.


நடைமுறைவாதி:

மேலே எழுதியவரை மதிக்கிறேன். ஆனால் பெட் கேட்கும் நர்ஸை வில்லியாக்க வேண்டாம். அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர் காத்திருப்பார். அவருக்கும் நீங்கள்தான் சமூகப் பணியாளர், இன்னும் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் சும்மா படுத்திருப்பதும் பாதுகாப்பானது இல்லை. வயதானவர்களுக்குப் படுக்கையிலேயே இருந்தால் தசை வேகமாகக் கரையும், படுக்கைப் புண் வரும், தொற்று வரும். "இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள்" என்று நீங்கள் வாங்கித் தரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். எதற்காக நாள் கேட்கிறீர்கள், அந்த நாளில் என்ன நடக்கும் என்று சொல்லிக் கேளுங்கள்.


பழைய களப்பணியாள்:

இதை ஒப்புக்கொள்கிறேன். நர்ஸை வில்லியாக்கும் எண்ணமும் இல்லை. பல இடங்களில் நோயாளி அழுததை முதலில் பார்ப்பது அவர்கள்தான், உன் காதுக்கு வருவதே அவர்கள் வழியாக. ஒரே திருத்தம்: தாமதம் யாரால் என்று தெளிவாக இருக்கட்டும். இல்லத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் கோப்பில் அப்படி எழுது. இல்லாவிட்டால் "சமூகப் பணியாளர் தாமதம்" என்று ஆகிவிடும். பார்த்திருக்கிறேன்.


புதியவள்:

எல்லோருக்கும் நன்றி. பேச்சுப் பயிற்சியாளரோடு போய் உட்கார்ந்தேன். அவர் படப் பலகை கொண்டுவந்தார். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டோம். நேரம் பிடித்தது, ஆனால் அவருக்கு எல்லாம் புரிகிறது. வீடு என்றால் அவருக்கு அந்தக் கட்டடமே முக்கியம் இல்லை. ராத்திரியில் பொதுக் கூடத்தில் படுக்க மாட்டேன், கதவு சாத்திக்கொள்ளும் அறை வேண்டும் என்கிறார். படிகளைப் பற்றிக் கேட்டபோது இடது கையால் தன் வலது காலைத் தட்டிக் காட்டித் தலையசைத்தார். தனி அறை உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொஞ்ச காலம் போக ஒத்துக்கொள்வார் போலிருக்கிறது. இடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. டாக்டரிடம் அந்தப் பட்டியலோடு போனேன். இடம் உறுதியாகும் வரை பொறுக்கலாம் என்றார், தினமும் நிலவரம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மகள் விஷயம் கோப்பில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "மகள் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி அடித்துவிட்டேன். அவரைத் திரும்பக் கூப்பிடலாமா?


பழைய களப்பணியாள்:

அடித்தது நல்லது. அந்தக் கோப்பை நாளைக்கு அந்த மகளே கேட்டு வாங்கிப் படிக்கலாம், நீதிமன்றமும் படிக்கலாம். அந்த வீட்டில் முன்னே என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியாது. நீ கேட்டதை மட்டும் எழுது: தேதி, நேரம், "நோயாளி கொடுத்த எண்ணில் மகளிடம் பேசினேன். இனி அழைக்க வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை." அவ்வளவு போதும்.

திரும்பக் கூப்பிடாதே, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னாயா? அது பாக்கி இருந்தால், மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் படிவத்தை நிரப்புவதற்கு முன் சொல்லிவிடு. அந்தப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். யாருடையதைப் போடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.