இன்லெட்டுக்கு என்ன சொல்: கழி, ஓதவாய், பொழி

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்லெட் (inlet) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை நீங்கள் முன்வைத்த நுழைகழி, கடல்நுழைவு, உள்வாய், கழிமுகம், முகத்துவாரம் எல்லாவற்றையும் படித்தேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொண்டதால்தான் இந்தப் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டு போகிறது என்று எனக்குப் படுகிறது. நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் உப்புநீர்ப் பரப்பும் ஆங்கிலத்தில் இன்லெட்தான், அந்தப் பரப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டை அறுத்துக்கொண்டு போகிற குறுகலான வழியும் இன்லெட்தான். நமக்கு இந்தக் குழப்பமே கிடையாது, ஏனென்றால் கரையில் வாழ்கிறவர்கள் நீர்ப்பரப்பை ஒரு பெயராலும் அதன் வாயை வேறு பெயராலும்தான் அழைக்கிறார்கள். அதனால் நான் சொல்வது இது: பரப்புக்குக் கழி, ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறி இறங்கும் வாய்க்கு ஓதவாய், மணல் அடைத்தும் திறந்தும் மாறுகிற வாய்க்குப் பொழி.

கழிக்குப் பெரிய வாதம் தேவையில்லை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் வந்தாலே கழியும் கானலும் கூடவே வந்துவிடும், இருங்கழி என்று திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். கழியை ஒட்டி உப்பு விளைந்தது, உப்பு வணிகரான உமணர் அதை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் உப்பங்கழி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, மரக்காணத்துப் பக்கம் இருக்கும் உப்புநீர்ப் பரப்புக்கே கழுவெளி என்று பெயர். கழி என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டால் மற்றவை அதன் கீழே ஒழுங்காக உட்காரும். முன்னால் மணல்தடுப்பு இருந்து பின்னால் அகன்று கிடப்பது காயல். இதையே கிழக்கிலங்கையில் களப்பு என்றும் வாவி என்றும் யாழ்ப்பாணத்தில் கடனீரேரி என்றும் சொல்கிறார்கள். மட்டக்களப்பும் காயல்பட்டினமும் ஊர்ப்பெயரிலேயே அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, கலைச்சொல் தொகுப்பில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலே போதும்.

நுழைகழி நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. நோர்வேயில் பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கும் பியோர்டுக்கு அதைப் பயன்படுத்தி வருகிறோம். சோக்னே பியோர்டு 200 கி.மீ.க்கு மேல் நீளம், 1,300 மீட்டர் ஆழம். நம் கழிகளில் பல இடத்தில் ஓடக்கோல் ஊன்றிப் படகு தள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் படிக்கிற பிள்ளைக்கு எந்தப் படம் மனதில் வரும்?

கழிமுகத்தை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். காவிரிக் கழிமுகம் என்றால் டெல்டா. வேறு நூல்களில் கழிமுகம் என்றால் எஸ்சுவரி, அதாவது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அகன்ற வாய், அதற்குப் பள்ளிப் புவியியல் பொங்குமுகம் என்று தனிச் சொல் வைத்திருக்கிறது. மூன்றாவதாக இன்லெட்டையும் அதன் தலையில் ஏற்றினால் அந்தச் சொல் எதையும் குறிக்காமல் போய்விடும்.

சரி, வாய்க்கு வருகிறேன். அங்கேதான் உண்மையான தேவை இருக்கிறது, அது எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் ஏன் இரண்டு சொல் கேட்கிறேன் என்பது விளங்கும்.

அலை சாய்வாக வந்து கரையில் அடிப்பதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகு தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இதனால்தான். இப்படி ஓடுகிற மணலுக்குக் குறுக்கே ஒரு வாய் திறந்திருக்க வேண்டுமென்றால், மணல் வந்து விழ விழ அதைத் தள்ளிவிட ஒரு விசை வேண்டும். அது இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மழைக்காலத்து ஆற்று வெள்ளம். இன்னொன்று நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம். நம் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் கோடையில் ஆறும் வற்றிவிட்டால் மணல் ஜெயித்துவிடுகிறது.

ஓதத்தோடு எவ்வளவு நீர் உள்ளே போய் வெளியே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 10 சதுர கி.மீ. பரப்புள்ள கழியில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வையுங்கள், 50 லட்சம் கன மீட்டர் நீர் அந்தக் குறுகிய வாய் வழியாக ஓட வேண்டும், அந்த ஓட்டம்தான் வாயைத் தூர்வாரி வைக்கிறது. கழியின் பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மண் கொட்டி மேடாக்கிவிட்டால் நீரும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும், வாயில் வேகம் தளரும், மணல் தங்கும். தூரத்தில் எங்கோ ஒரு மூலையை நிரப்பியதற்கும் கடலோரத்தில் வாய் அடைத்ததற்கும் தொடர்பே இல்லை என்று வாதாடுகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கு இது. ஓதத்தோடு உள்ளே போய் வெளியே வரும் இந்த நீரின் அளவை ஆங்கிலத்தில் டைடல் பிரிசம் என்கிறார்கள். பிரிசம் என்பதைப் பட்டகம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், ஓதக்கொள்ளளவு என்று வைப்போம். ஓதவாய், ஓதக்கொள்ளளவு என்று இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தால் ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதும் சொல்லிலேயே தெரியும்.

பொழி குமரிக் கரைச் சொல். கேரளத்தின் தென்பகுதியிலும் இதே சொல்தான். பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் பொழிமுகம் என்றுதான் சொல்வார்கள். மணல் மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் தானாக உடையும் அல்லது வெட்டிவிட வேண்டியிருக்கும். வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழு அகலத்துக்கும் யாரும் தோண்டுவதில்லை. உள்ளே நீர் கடலைவிட உயர்ந்து நிற்கும்போது மணல்மேட்டில் ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிட்டால் போதும். முதலில் கணுக்கால் அளவு ஓடும். பிறகு இரு பக்க மணலும் பாளம் பாளமாகச் சரிந்து விழும், சில மணி நேரத்தில் ஆள் இறங்க முடியாத வெள்ளமாகிவிடும். மிச்ச வேலையை நீரே செய்துகொள்ளும்.

மட்டக்களப்பிலும் இதே வேலைதான், அங்கே ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். 50 கி.மீ.க்கும் மேல் நீண்டு கிடக்கும் வாவி அது. மழை வெள்ளத்தில் தாழ்ந்த வயல்கள் மூழ்கும்போது உடனே வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் நீர்மட்டம் சட்டென்று இறங்கி உப்பு ஏறி மீன்பிடி கெடும் என்று மீனவர்கள் கவலைப்படுவார்கள். எப்போது வெட்டுவது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் ஊர் வழக்கும் அரசாங்கமும் கலந்து நடக்கிற காரியம். இப்படி ஒரு முழு வாழ்க்கைமுறை சுற்றி வளர்ந்திருக்கிற ஒரு பொருளுக்கு, “இடைவிட்டுத் திறக்கும் கடல் நுழைவழி” என்று நாம் வரைவிலக்கணத்தையே பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொழி இரண்டே எழுத்து. எடுத்துக்கொள்வோம்.

முகத்துவாரத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வடசொல் என்பதற்காக அதை ஒதுக்குவது நியாயமே இல்லை. பழவேற்காட்டு மீனவர் வாயில் அதுதான், அடையாற்றுக்கும் கூவத்துக்கும் அதுதான், கொழும்பில் மட்டக்குளிக்குப் பக்கத்தில் ஒரு பகுதிக்கே முகத்துவாரம் என்று பெயர். ஆனால் ஆறு கடலில் விழும் இடத்தையும் அது குறிக்கிறது, காயலின் வாயையும் குறிக்கிறது. பேச்சில் இது எந்தக் குறையும் இல்லை. பாடநூலிலும் அறிக்கையிலும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆற்றுவாய், ஓதவாய் என்ற இணை வேண்டும். கழிவாய் என்று வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கழிவு என்ற சொல் காதில் விழுந்துவிடுகிறது, அதனால்தான் தயங்குகிறேன்.

அப்படியானால் கழியும் கழிவாகத்தானே கேட்கும் என்பீர்கள். கேட்கும். அதுவே நான் இந்தச் சொல்லை விடக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு சேரும் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. இறாலும் நண்டும் மடவையும் வளர்கிற ஒரு நீர்நிலையைக் கழிவு ஓடும் வாய்க்கால் என்று நினைத்து நடத்தினால் இப்படித்தான் ஆகும். கழி என்ற பெயரைப் பாடநூலில் மறுபடி ஏற்றி, இது உயிருள்ள ஒரு நீர்நிலையின் வகை என்று சொல்லிக்கொடுத்தால் அந்த மயக்கம் குறையும். இப்படிப்பட்ட கழியைக் குறிக்கும் கிரீக் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிற்றோடை என்று பெயர்க்கிற வழக்கத்தை அதே வேகத்தில் நிறுத்தியாக வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. இந்தியக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஓதம் ஏறும் நீர்நிலைகளுக்கும் பொருந்தும். 2011 அறிவிக்கைப்படி அவற்றின் கரையில் 100 மீட்டர் அல்லது கிரீக்கின் அகலம், எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு. 2019இல் அந்த 100, 50 ஆகிவிட்டது. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் உப்பு ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடத்தை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு விதியைத் தமிழில் எழுதும்போது அந்த நீர்நிலைக்கு ஓடை என்று ஒரு வரியிலும் வாய்க்கால் என்று இன்னொரு வரியிலும் வந்தால், தங்கள் ஊர்க் கழிக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்த மீனவர் எதை வைத்துக் கேட்பார்?

பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை உண்டு. வாய்க்கு அருகே ஓட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டும் இடங்களை ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. காயலில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும், அதனால் நல்ல பாடு எல்லாம் வாயை ஒட்டியே இருக்கும். வாய் அடைத்தால் அந்தப் பாடுகளுக்கு மதிப்பில்லை. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டி வணிகம் நடத்தியதும் இந்த வாயை நம்பித்தான். பாடு என்ற சொல்லையும் மீன்வள உரிமை பற்றிய நம் தொகுப்பில் அப்படியே சேர்க்கச் சொல்கிறேன், மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டாம். இங்கே வலை கட்ட ஊன்றும் கழி வேறு என்பதால், தொகுப்பில் நீர்நிலைக் கழிக்கு ஒரு குறிப்பு போட்டுவிடலாம்.

இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. வாயின் ஒரு பக்கத்திலிருந்து நீண்டு வளரும் மணலையும் வாய்க்கு வெளியே நீருக்கடியில் குவியும் மணலையும் இப்போது இரண்டுக்கும் மணல்திட்டு என்றே எழுதுகிறோம். முதலாவதுக்கு மணல்நாக்கு, இரண்டாவதுக்கு வாய்த்திட்டு என்று போடலாமா? கடலோர ஊர்களில் இவற்றுக்கு வேறு பெயர் புழங்கினால் அதை எழுதுங்கள், நான் சொன்னதை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்வோம்.