மறைப்பா, மூடுகருவா, தூசுறையா?

க.:
வணக்கம். இளநிலை இயற்பியல் கைந்நூலில் செயல்மிகு பேரடைக் கருக்கள் (விண்மீன் பேரடைகளின் நடுவே கருந்துளை பொருளை ஈர்ப்பதால் மிகுந்து ஒளிரும் பகுதிகள்) பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இவற்றில் வகை 1-இல், வளிமம் நொடிக்குச் சில ஆயிரம் கி.மீ. வேகத்தில் இயங்குவதால் அகன்ற நிறமாலைக் கோடுகள் தெரிகின்றன. வகை 2-இல் குறுகிய கோடுகள் மட்டுமே. நடுவிலுள்ள தூசு வளையம் பார்வைக்கோட்டில் குறுக்கிடுவது முதன்மைக் காரணம். இதைத் 'தூசு மறைப்பு' எனலாமா?

மு.:
நிலவு விண்மீனை மறைப்பதற்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அது விரைவில் விலகிவிடும். இது நிலைத்து நிற்பது. வகை 2-ஐ 'மூடுகரு' என்போம். வினைத்தொகை, சுருக்கமானது.

செ.:
மூடுபனி என்றால் மூடுகின்ற பனி. மூடுகரு என்றால் கருதான் எதையோ மூடுகிறது என்று மாணவர் படிப்பார்.

மு.:
குடிநீர் குடிக்கப்படும் நீர்தானே? செயப்படுபொருளும் வினைத்தொகையில் வரும். வேண்டாமெனில் 'தூசுறை': தூசு + உறை, உகரம் கெட்டுப் புணர்ந்தது. பழந்தமிழில் தூசு என்றால் ஆடை. போர்த்தும் பொருளும் உள்ளேயே கிடைக்கிறது. தூசி என எழுதினால் கொடிப்படை (முன்னணிப் படை) என்ற பொருளும் உண்டு.

ந.:
ஆடைக்கும் படைக்கும் போக வேண்டாம் ஐயா. 'தூசு' என்பதே எல்லா இடத்திலும் பொருந்தாது. ஏறத்தாழ 1500 கெல்வினுக்கு மேல் தூசு ஆவியாகிவிடும். அவ்வளவு வெப்பமான உட்பகுதியில் வளிமம் மட்டுமே. எக்ஸ் கதிரைப் பெரிதும் தடுப்பது வளிமம். பார்வைக்கோட்டில் உள்ள வளிமம் சதுர செ.மீ.க்கு 10²² ஹைட்ரஜன் அணுக்களைத் தாண்டினால் எக்ஸ் கதிரில் மறைந்தது என்கிறோம். அதனால் கட்புலனாகும் ஒளியில் வகை 1 ஆக இருந்துகொண்டே எக்ஸ் கதிரில் மறைந்தவையும் உண்டு. என்ஜிசி 1365 என்ற பேரடையில் வளிம முகில்கள் சில நாள்களுக்குள்ளேயே குறுக்கே கடந்துபோகின்றன. ஆகவே விரைவில் விலகுவது என்ற தடை 'மறைப்பு'க்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று. 1985-இல் வானியலாளர்கள் அந்தோனுச்சியும் மில்லரும் வகை 2 பேரடையான என்ஜிசி 1068-இன் முனைவாக்கப்பட்ட ஒளியில் (அலைகள் ஒரே தளத்தில் அதிரும் ஒளி) அகன்ற கோடுகளைக் கண்டார்கள். சிதறி வந்த ஒளி அது. கரு அழியவில்லை, நேர்வழிதான் அடைபட்டது. 'மறைப்பு' அதைச் சரியாகச் சொல்கிறது.

செ.:
இரண்டு வகைகளுக்கும் இடைப்பட்ட 1.9 வகையையும் சேர்த்துவிடுங்கள். தூசு நீலத்தை அதிகம் உறிஞ்சுவதால் ஹைட்ரஜனின் நீலப் பக்கக் கோடான பீட்டாவின் அகன்ற பகுதி போய், சிவப்புக் கோடான ஆல்ஃபாவில் மட்டும் தங்கும். ஆனால் இரைச்சல் மிகுந்த நிறமாலையிலும் பீட்டா அமிழ்ந்துவிடும். அதைத் தூசு என்று எண்ணிவிடக் கூடாது. கருவைக் கொண்டிருக்கும் தாய்ப் பேரடை விளிம்புப் பக்கமாகத் தெரிந்தால் அதன் தூசும் வகை 1-ஐ வகை 2 போலக் காட்டும்.

க.:
பொதுச்சொல் 'மறைப்பு', உட்பிரிவுகள் 'தூசு மறைப்பு', 'வளிம மறைப்பு'. நால்வரில் மூவர் இசைவு. 1.9-க்கு அடிக்குறிப்பு சேர்த்தாயிற்று.

மு.:
நிலவு செய்வதற்கும் இதற்கும் ஒரே சொல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டியலில் 'தூசுறை'யை மாற்றுச் சொல்லாகவாவது குறியுங்கள்.