சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறதாம்

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கி அடுத்த வாரம் வரை ஓடிய பேச்சு இது. வளர்கிற பையன் இருக்கிற வீட்டுக்குப் பயன்படும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டுதான் பகிர்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு உறவுமுறை மட்டும் வைத்திருக்கிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அம்மாவும் அண்ணன் குடும்பமும் இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

*சனிக்கிழமை*

நான், இரவு 9:12
எல்லோருக்கும் வணக்கம். என் மகன் தம்பியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவன் இந்தக் குழுவில் இல்லை, அதனால் மனம் விட்டு எழுதுகிறேன். யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான், 9:15
பள்ளி விட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறான். அதற்குள் நான் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவேன். சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டுத்தான் போகிறேன். முழுப் பானையையும் முடித்துவிட்டு, நாலரைக்கு "அம்மா, பசிக்குது" என்று போன் அடிக்கிறான். அவன் அப்பா செம்பனைக் குலை லாரியை விட்டுவிட்டு வர ஏழாகும். இடையில் என்ன சாப்பிடுகிறான் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அண்ணி, 9:17
கூட என்ன வைக்கிறாய்?

நான், 9:18
ரசம், அப்பளம். இல்லை என்றால் புளிக்குழம்பு. மீன் வாங்கிய அன்று ஒரு துண்டு.

பெரியக்கா, 9:19
அவன் வயது இப்போது 15தானே? என் மகனும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தான். எதைக் கொடுத்தாலும் போகும்.

நான், 9:24
இல்லை அக்கா, விஷயம் அது மட்டும் இல்லை. இன்று அவன் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தேன். பென்சில் பெட்டிக்குள் மீ (உடனடி நூடுல்ஸ்) பாக்கெட் உறைகள். ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுக்கு மடித்து, எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறான். எண்ணினேன், பதினொன்று. குப்பைத் தொட்டியில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறான். என் சமையலறையில் என் பிள்ளை ஒளிந்து சாப்பிடுகிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி, 9:25
ஐயோ.

நான், 9:27
போன மாதம் கோவில் அன்னதானத்தில் மூன்றாவது தடவை சோறு கேட்டான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் எங்கே போனாலும் "போதும்" என்கிறான். வீட்டுக்கு வந்து சட்டியைச் சுரண்டுகிறான்.

அண்ணன், 9:31
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குரல் பதிவு போட வரவில்லை அவருக்கு, சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"சாப்பிடுகிற பிள்ளை தட்டை யாரும் எண்ணக் கூடாது. நாங்கள் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற காலத்தில் என் தம்பிக்கு 14 வயது. ரப்பர் பால் வெட்டி முடித்து ஒரு மணிக்கு வந்தால் தூக்குச் சட்டி நிறையக் கஞ்சி குடிப்பான். எங்கள் அம்மா அவன் பக்கம் திரும்பவே மாட்டார், வெளியே போய் விறகு பிளப்பார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர் அவர். பிள்ளை பசியோடு எழுந்து போனால் அவருக்குத் தூக்கம் வராது. கஞ்சி என்றால் வெறும் கஞ்சி இல்லை. பச்சைப்பயறு போட்டது, கூடச் சுட்ட கருவாடு. அதனால்தான் வயிற்றில் நின்றது."

தங்கச்சி, 9:40
அக்கா, இப்போதுதான் கிளினிக் வேலை முடிந்து வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். முதலில் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறானா? ராத்திரி பல தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறானா? இவ்வளவு சாப்பிட்டும் மெலிகிறானா?

நான், 9:42
இல்லை. சட்டை எல்லாம் இறுக்கமாகிவிட்டது. தூங்கினால் காலையில்தான் எழுகிறான்.

தங்கச்சி, 9:47
அப்படியென்றால் நல்லது. பசியோடு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இனிப்பு நீரா (நீரிழிவா) என்று உடனே கிளினிக் கெசிஹாத்தானில், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். இவனுக்கு வளர்ச்சிதான். பையன்கள் வேகமாக வளர்கிற ஒரு வருடத்தில் 9 சென்டிமீட்டர் வரைக்கும்கூட உயருவார்கள். கால் பாதம்தான் முதலில் நீளும்.

நான், 9:49
கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். போன தீபாவளிக் கோட்டுக்கு மேலே 8 சென்டிமீட்டர் இருக்கிறது. கறுப்புச் சப்பாத்து இந்த வருடமே இரண்டாவது ஜோடி.

தங்கச்சி, 9:58
பிறகென்ன, உடம்பு கேட்கிறது. சோறு குறைவு என்று நினைக்காதீர்கள் அக்கா, சோறு நிறையவே போகிறது. கூட ஒன்றும் இல்லை, அதுதான் குறை. வெள்ளைச் சோறும் ரசமும் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். மீயும் அப்படித்தான், மைதாவும் எண்ணெயும் உப்பும். பருப்பு, முட்டை, மீன், கீரை கூட இருந்தால்தான் நின்று செரிக்கும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிறோமே, சூக்கு சூக்கு செபாரோ. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் முட்டை பருப்பு, பாதிக்குக் காய்கறி பழம். இவன் இரண்டு தட்டு சாப்பிடட்டும், மூன்றும் சாப்பிடட்டும். ஆனால் இரண்டாவது தட்டிலும் பருப்பும் முட்டையும் வர வேண்டும். நாம் எல்லோரும் செய்கிற தப்பு, மறு சோறு என்றால் சோறும் குழம்பும் மட்டும் ஊற்றுவது.

நான், 10:01
நான் அப்படித்தான் செய்கிறேன்.

சித்தப்பா, 10:03
[அனுப்பப்பட்ட செய்தி: தசை வளர்க்கும் புரோட்டீன் பவுடர், ஒரு டின் வாங்கினால் ஒரு குலுக்கி இலவசம்]
இது நல்லது என்று ஜிம் பையன்கள் சொன்னார்கள் அம்மா. நான் வாங்கித் தரட்டுமா?

தங்கச்சி, 10:11
வேண்டாம் சித்தப்பா. இந்த வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும். ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையில் 14. ஒரு நல்ல கெம்போங் மீனில் (கானாங்கெளுத்தி) 18 போல. சோற்றிலும் பாலிலும் இருப்பது மீதிக்கு ஆகும். டின் காசுக்கு எத்தனை தட்டு முட்டை வாங்கலாம் பாருங்கள்.

பால் என்றால் பசும்பால் அல்லது பால் மாவு. தே தாரேக் தேநீரில் ஊற்றுகிற டின் கிரீமரைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பாதிக்குச் சீனி, மீதியில் செம்பனை எண்ணெய். இவனுக்கு எலும்பு நீள்கிற நேரம், ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் 300 போல இருக்கும். மீதிக்கு முள்ளோடு நெத்திலி, டின் சார்டின், கேழ்வரகு, கீரை. இன்னொன்று: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் வேண்டாம், கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. அதற்குப் பதிலாக ஒரு கொய்யா கொடுங்கள், அது சேர்க்கும்.

அண்ணி, 10:30
இரண்டு பையன்களை வளர்த்தவள் நான், என் முறையைச் சொல்கிறேன். நீ வீட்டில் இல்லாத நேரத்தில்தான் பசி வருகிறது. அதனால் அவன் கை நீட்டினால் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். மீ ஏன் ஜெயிக்கிறது? மூன்று நிமிடத்தில் ஆகிறது. அதைவிடச் சீக்கிரம் கிடைக்கிற சாப்பாடு ஐஸ்பெட்டியில் இருந்தால் மீ பக்கம் போக மாட்டான்.

சனி ராத்திரி ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறப்போடு. ஞாயிறு குக்கரில் அவித்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். நான்கு டப்பாவில் போட்டு மூன்றை உறைய வை, ஒன்றைக் கீழே வை. கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் போட அவனுக்கே தெரியும். முட்டை பத்து அவித்து ஓட்டோடு வை, ஒரு வாரம் தாங்கும்.

அப்புறம் தெம்பே. என் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) சொல்லிக் கொடுத்தது. மெலிதாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்து, நெத்திலி, வேர்க்கடலை, மிளகாய் விழுது, கொஞ்சம் புளி போட்டுப் பிரட்டிப் போத்தலில் வை. சோற்றுக்கும் ஆகும், சும்மாவும் கொறிப்பான். புளிக்க வைத்த சோயாதானே அது, இறைச்சிக்கு ஈடு.

அண்ணி, 10:44
இதெல்லாம் பக்க வாத்தியம். உண்மையில் என் பையன்களைக் காப்பாற்றியது அடைதான். அதை மட்டும் ஒழுங்காக எழுதுகிறேன்.

பச்சரிசி இரண்டு கப். கடலைப்பருப்பு ஒரு கப், துவரம்பருப்பு அரை, உளுந்து கால், பச்சைப்பயறு கால். அரிசியும் பருப்பும் சரிசமம், இதைக் குறைக்காதே. ஐந்து காய்ந்த மிளகாயோடு மூன்று மணி நேரம் ஊற வை. சோம்பு, இஞ்சி, உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கரகரப்பாக அரை. தோசை மாவு மாதிரி நைசாக அரைத்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும், வாயிலும் ஒன்றும் கடிபடாது. விரலில் தொட்டால் ரவை மாதிரி உருள வேண்டும். புளிக்க வைக்கத் தேவையில்லை. சுடும்போது சின்ன வெங்காயமும் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையும் போடு. உன் வீட்டுப் பின்னால் மரமே இருக்கிறது. கல்லில் தடிமனாகத் தட்டி, நடுவில் விரலால் ஒரு ஓட்டை போட்டு அதில் எண்ணெய் விடு. தீயைக் குறைத்து மூடி வை. ஓரம் சிவந்து தானாகக் கல்லை விட்டு எழும்பும், அப்போது திருப்பு. அவசரப்பட்டால் நடுவில் மாவாகவே இருக்கும்.

மாவு ஐஸ்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். நீ சுட்டு வைக்காதே. அவனையே சுடச் சொல். கையில் கரண்டி இருக்கிற பையன் ஒளிந்து சாப்பிட மாட்டான்.

பெரியக்கா, 10:46
இந்தக் கடைசி வரிக்காக உன்னை ஒரு தடவை கட்டிப்பிடிக்கணும்.

நான், 10:48
மீயை அடியோடு நிறுத்திவிடவா?

தங்கச்சி, 10:52
நிறுத்தினால் மறுபடி பென்சில் பெட்டிக்குத்தான் போகும். ஒரே பாக்கெட், மசாலாத் தூள் பாதி, இரண்டு முட்டை, ஒரு கை சாவி கீரை, ஒரு கை தவ்கே (முளைப்பயறு). இப்படிச் செய்யச் சொல்லுங்கள். சாப்பாடாகிவிடும்.

சித்தப்பா, 11:05
அம்மா, அன்னதானத்தில் "வயிறா கிணறா" என்று சொன்னவன் நான்தான். நீ என் பெயரைச் சொல்லாமல் எழுதியிருக்கிறாய். ஒரு மணி நேரமாக இதை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வீட்டு விசேஷத்தில் என் தட்டைப் பார்த்து ஒருவர் சொன்ன சொல் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதே சொல்லை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. நாளைக்கு வரட்டுமா?

நான், 11:07
வாருங்கள் சித்தப்பா. இது உங்கள் வீடு. அவனிடம் அதைப் பற்றி மட்டும் எடுக்க வேண்டாம்.

சித்தப்பா, 11:08
எடுக்க மாட்டேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான், பிற்பகல் 2:20
[படம்: அடுப்பு மேல் தோசைக்கல், ஒரு பக்கம் பிய்ந்த அடை]
முதல் அடை. அவனே தட்டினான். திருப்பும்போது பிய்ந்துவிட்டது.

அண்ணி, 2:21
கல் இன்னும் காயவில்லை. ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கச் சொல்.

நான், 2:40
[படம்: நான்கு அடைகள், பக்கத்தில் தெம்பே]
இரண்டாவது எழும்பி வந்தது அண்ணி. முதல் நல்ல அடையைச் சித்தப்பா தட்டில் போட்டான். சித்தப்பா மூன்று சாப்பிட்டுவிட்டு "இன்னொன்று சுடு அப்பா" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் இவன் தனக்கு எடுத்துக்கொண்டான். ஐந்து. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்து எண்ணினேன்.

அண்ணன், 2:43
அம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறார்.

*வியாழக்கிழமை*

நான், இரவு 11:38
இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். நாலரை மணி போன் மூன்று நாளாக வரவில்லை. செவ்வாய் மட்டும் ஆறு மணிக்கு அடித்தான், தேங்காய் எங்கே இருக்கிறது என்று கேட்டு.

மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறான்: "அம்மா, அடை மாவு முடிஞ்சிருச்சு. முட்டை இரண்டு உங்களுக்கு வெச்சிருக்கேன். கடலை கடைசி டப்பா வெளியே எடுத்துட்டேன்."

மீ உறை ஒன்று குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. மடிக்காமல், மேலேயே.

தங்கச்சி, 11:40
அக்கா 🙏🏽

சித்தப்பா, 11:44
நாளைக்கு பாசார் போகிறேன். கடலை ஒரு கிலோ வாங்கட்டுமா?

நான், 11:45
இரண்டு கிலோ வாங்குங்கள் சித்தப்பா. கெம்போங் மீன் நல்லதாக இருந்தால் அதிலும் ஆறு.