தைம் இலையும் தைம் எண்ணெயும்: இருமலுக்குப் பயன்படுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் அக்கா:
எங்கள் ஊர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் தைம் என்ற வாசனை மூலிகையின் எண்ணெய் விற்றார். வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடித்தால் இருமல் நிற்கும், பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தங்கச்சி வாங்கி வந்து காட்டினாள். விரல் நீளப் பழுப்புக் குப்பி, மூடியைத் திறந்ததும் ஓமத் தண்ணீர் வாசம், கண்ணே கரித்தது. அரசாங்க மருந்துப் பதிவுக்கான மால் (MAL) நம்பர் எங்கும் காணோம். அவள் பிள்ளைக்கு ரெண்டு வயது. "வேணாம்மா, வாயும் வயிறும் புண்ணாயிடும்" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற காரமான வாசப் பொருள்தான் தைமிலும் இருக்கிறது. இலையில் அது சொற்பம். எண்ணெயிலோ கிட்டத்தட்ட பாதி அதுவாகவே இருக்கும். அதனால்தான் அப்படியே தோலில் தடவினாலும் எரிகிறது.

நான் குடிப்பது காய்ந்த இலை மட்டும். ஒரு டீஸ்பூன் இலையில் கொதிநீர் ஊற்றி, தட்டால் மூடிப் பத்து நிமிடம் வைப்பேன். மூடாவிட்டால் வாசத்தோடு சத்தும் ஆவியாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை சொல்லும் அளவு 150 மில்லி நீருக்கு 1 முதல் 2 கிராம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. அதுவும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். காலங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பதை வைத்துத்தான் அந்த அங்கீகாரம். தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே ஆகாது என்பதை மறக்காதீர்கள்.

பீடோர் தம்பி:
அக்கா, எங்கள் அத்தை இருதயத்துக்கு வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுகிறார். தைம் தேநீர் குடிக்கலாமா என்று மருந்து வாங்கும் கவுண்டரில் கேட்டோம். "ரத்தம் உறையறதை அது மாத்தலாம், தினமும் குடிக்கறதா இருந்தா வேணாம், சாப்பாட்டுல கொஞ்சம் போட்டா பரவாயில்ல" என்றார் அங்கிருந்தவர். கேட்டதே நல்லதாகப் போயிற்று. மூலிகைதானே என்று எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்! துளசி, புதினா ஒத்துக்கொள்ளாதவர்களும் கவனம், தைம் அதே குடும்பம்.

தோட்டத்துப் பிள்ளை:
கர்ப்பமா இருக்கும்போது குடிக்கலாமாக்கா?

சுங்கை சிப்புட் அக்கா:
சமையலுக்குப் போடும் அளவு சரிம்மா. மருந்தாகக் குடிக்க வேண்டாம், கிளினிக் நர்ஸிடம் கேட்டுக்கொள்.

லயத்து அண்ணன்:
நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் லயத்தில் செம்பனை வெட்டும் மாமா ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். கற்பூரவல்லிச் சாறு, தைம், இஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போனோம். சளியைச் சோதித்தார்கள். காசநோய். ஆறு மாதம் மாத்திரை. வீட்டில் எல்லாரையும் வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் எந்த இலையையும் தேடாதீர்கள், சளி டெஸ்டுக்குப் போங்கள்.