கருவி இருக்கிறது, கையாள ஆள் இல்லை: நியூரோமார்க்கெட்டிங் ஆய்வு அனுபவங்கள்

சந்தைப்படுத்தலில் பிஎச்டி செய்கிறேன். விளம்பரம் பார்க்கிறவர் மூளையில் என்ன நடக்கிறது என்று ஈஈஜி (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் முறை) மூலம் அறிவதுதான் தலைப்பு. துறையில் கருவி ஏற்கெனவே இருந்தது. வாங்கியவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் அலமாரியில் தூங்கியது.

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். "மூளை என்று இருக்கிறதே, மருத்துவக் குழுவிடம் போங்கள்" என்றார்கள். அங்கே போனால், "நோயாளியே இல்லையே, எங்களிடம் ஏன் வந்தீர்கள்?" ஒருவழியாக அனுமதி வாங்கினால் அடுத்த சிக்கல். என் கைடுக்கு மார்க்கெட்டிங் தெரியும், சிக்னல் தெரியாது. சிக்னல் தெரிந்த உளவியல் பேராசிரியரோ, பொருள் விற்க உதவும் ஆய்வில் தன் பெயரே வேண்டாம் என்கிறார். உங்களுக்கெல்லாம் எப்படி?

*

ஈஈஜி ஆய்வகத்தில் பதிவு எடுப்பவன் நான். மேலாண்மைத் துறையினர் கேள்வித்தாள் கணக்கோடு வருவார்கள். ஒரு வகுப்பையே ஒரே மதியத்தில் முடித்துவிடலாமா என்பார்கள். தொப்பி மாட்டி, ஜெல் வைத்து, ஒவ்வொரு மின்முனையையும் சரிபார்ப்பதற்குள்ளேயே வந்தவருக்கு அலுத்துவிடும். அடர்ந்த சுருட்டை முடி என்றால் இன்னும் பாடு. அதற்காக அப்படிப்பட்டவர்களை ஒதுக்கினால் மாதிரியே கோணலாகிவிடும்.

கண் சிமிட்டும்போது வரும் மின் அதிர்வு மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. சிரித்தால் முகத்தசைகளும் சேர்ந்து பதிவைக் கெடுக்கும். நல்ல விளம்பரத்துக்குச் சிரிக்கத்தானே செய்வார்கள்! சிரித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அலசுகிற கூத்து எங்களுக்குப் பழகிவிட்டது.

ரத்த ஓட்டத்தை வைத்து மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேனான எஃப்எம்ஆர்ஐ-யில் வேறு தொல்லை. ரத்த ஓட்ட மாற்றம் உச்சம் தொட 5, 6 நொடி ஆகும். கண நேரம் வந்துபோகும் லோகோவைத் தனியே பிரித்தெடுக்கப் படாதபாடு படவேண்டும். அதைவிடப் பெரிய சண்டை, முடிவை எழுதும்போதுதான். "இன்சுலா என்ற மூளைப் பகுதி தூண்டப்பட்டது, ஆகவே வாடிக்கையாளருக்கு ஆசை" என்று எழுதித் தருவார்கள். அதே இன்சுலா வலியிலும் அருவருப்பிலும் தூண்டப்படும். இப்படிப் பின்னாலிருந்து ஊகிப்பது எவ்வளவு பலவீனமானது என்று மூளை ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-லேயே எழுதிவிட்டார். 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையும் "வேலை செய்வதாக"த் தெரியும் என்று காட்டினார்களே, அதைச் சொன்ன பிறகுதான் சிலர் இறங்கி வருகிறார்கள்.

*

முதலில் எழுதியவருக்கு: நெறிமுறைக் குழுவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தயக்கம் வெறும் சோம்பல் இல்லை. 2003-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆய்வை நிறுத்தச் சொல்லி 'கமர்ஷியல் அலர்ட்' என்ற, வணிகமயத்தை எதிர்க்கும் அமைப்பு கடிதமே எழுதியது. பிரான்ஸ் 2011-ல் மூளைப் படமெடுப்பை மருத்துவம், அறிவியல் ஆய்வு, நீதிமன்ற நிபுணர் சான்று ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது.

எங்கள் கவலை இன்னும் சாதாரணமானது. சோப்பு விளம்பரம் பார்க்க வந்தவரின் ஸ்கேனில் கட்டி தெரிந்தால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? பல விண்ணப்பங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. நிறுவனம் பணம் தருகிறது என்றால் தரவு யாருக்குச் சொந்தம், முடிவு பிடிக்காவிட்டாலும் வெளியிட விடுவார்களா? இவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கி வந்தவர்களை நாங்கள் அலையவிட்டதில்லை.

*

இந்தத் தொல்லைகளோடு ஆய்விதழ்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங் இதழில் "மாதிரி சிறிது" என்பார்கள். நரம்பியல் இதழில் "இதில் புதிய அறிவியல் எங்கே?" என்பார்கள். இத்துறைக்குப் பெயர் வாங்கித் தந்த 2004-ஆம் ஆண்டின் கோக்-பெப்சி ஆய்விலேயே (இரண்டு பானங்களையும் குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது) பங்கேற்றவர்கள் 67 பேர்தான்.

*

முதலில் எழுதியவள்தான். எல்லோருக்கும் நன்றி. உளவியல் பேராசிரியரிடம் மறுபடி போய், ஆய்வில் சேர வேண்டாம், பதிவைச் சுத்தம் செய்ய மட்டும் கற்றுத்தாருங்கள் என்று கேட்டேன். சம்மதித்துவிட்டார். நன்றியுரையில்கூட அவர் பெயர் வரக்கூடாதாம்.