டிஃபரென்ஷியல் வீரருக்குத் தமிழில் ஒரு சொல்: ‘விடுகதிர்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் டிஃபரென்ஷியல் என்று சொல்கிறோமே, அந்த வீரருக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இருபதுக்கு மேல் பதில்கள் வந்துவிட்டன. அலுவலக வேலை நெருக்கியதால் உடனே எழுத முடியவில்லை. நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரு சொல் பிடிபட்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் கொடுத்த சொற்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆட்டம் பழக்கமில்லாத பெரியவர்கள் சிலரும் ஆர்வமாகச் சொல் தந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் உண்மையிலேயே ஆடும் வீரர்களிலிருந்து 15 பேரை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம். ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. வாராவாரம் 11 பேரை இறக்குகிறோம். அவர்கள் களத்தில் கோல் போட்டால், போட உதவினால், கோல் வாங்காமல் காத்தால் நமக்குப் புள்ளி. மொத்தம் 38 வாரம். சேர்வதற்குக் காசு கிடையாது.

பெங்களூரில் எங்கள் அல்சூர் பக்கம் 12 பேர் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறோம். 12 பேரிடமும் கோல் குவிக்கும் ஹாலண்ட் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் 10 புள்ளி எடுத்தால் எல்லாருக்கும் 10 ஏறும், யாரும் யாரையும் தாண்ட மாட்டோம். என்னிடம் மட்டும் இருக்கும் ஒருவர் அதே 10 புள்ளி எடுத்தால் மற்ற 11 பேரையும்விட நான் 10 புள்ளி முன்னே போய்விடுவேன். இந்த இரண்டாமவருக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஒவ்வொரு வீரரையும் எத்தனை சதவீதம் பேர் எடுத்திருக்கிறார்கள் என்று ஆட்டத்தின் தளத்திலேயே பார்க்கலாம். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டிஃபரென்ஷியல் என்று சிலர் சொல்வார்கள். கறாரானவர்கள் 5 என்பார்கள்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> இது வகையீடுதானே? கணிதத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

ஐயா, பள்ளிப் பாடநூலில் வகையீடு என்று படித்தவர்களுக்கு அது மிகச் சிறிய மாற்றத்தைக் குறிக்கும் சொல். இங்கே அந்தப் பொருளே வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் புழங்குகிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை வைத்தால், ஆட்டக்காரருக்கும் புரியாது, கணக்கு வாத்தியாருக்கும் புரியாது. ‘வேறுபாட்டு வீரர்’ என்பதிலும் இதே சிக்கல்தான். யாரிடமிருந்து வேறுபட்டவர் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை.

> அமெரிக்கர்கள் ஸ்லீப்பர் என்கிறார்கள். ‘உறங்கு வீரர்’ எனலாம்.

அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம் என்றாலும் அங்கேயும் இதே தேடல் உண்டு, உண்மைதான். ஆனால் பெங்களூரில் ஸ்லீப்பர் என்றால் மடிவாளாவில் ஏறி மதுரையில் இறங்கும் இரவுப் பேருந்துதான் நினைவுக்கு வரும். அதை விடுங்கள், அந்த வீரர் எங்கே உறங்கினார்? போன வாரமும் முழு 90 நிமிடம் ஓடியிருப்பார். நாம்தான் பார்க்கவில்லை.

‘டார்க் ஹார்ஸ்’ என்பதை அப்படியே பெயர்த்த கருங்குதிரையும் வேண்டாம். பத்திரிகைகள் தேர்தல் நேரத்தில் அதை எழுதி எழுதி, ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் சொல்லாக்கிவிட்டன.

> குன்றின் மேலிட்ட விளக்கு, குடத்திலிட்ட விளக்கு என்று நம்மிடமே இருக்கிறதே. ‘குடவிளக்கு’ என்று வைத்தால் என்ன?

மதுரை அண்ணன் எழுதிய இந்தச் சொல்லைப் படித்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்றே நினைத்தேன். அழகான சொல். 2015-16இல் லெஸ்டர் அணி லீக் பட்டம் வென்ற பருவத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அந்த அணியின் மாஹ்ரெஸுக்கு ஆட்டத்தில் விலை 55 லட்சம் பவுண்டு, வார்டியின் விலை 60 லட்சம். பருவம் முடிந்தபோது மாஹ்ரெஸ் 17 கோல், வார்டி 24 கோல். குடத்திலிட்ட விளக்கு என்றால் அந்த ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் இருவரும்தான்.

ஆனால் நவம்பரில்? வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டுச் சாதனை படைத்துவிட்டார். விளக்கு குன்றுக்கு ஏறிவிட்டது. வீரர் அதே வீரர், கால் அதே கால். இப்போது அவரை டிஃபரென்ஷியல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபக்கமும் பாருங்கள். ஹாலண்டுக்குக் காயம் ஆகிறது. 12 பேரில் 11 பேர் விற்றுவிடுகிறோம், ஒருவர் மட்டும் வைத்திருக்கிறார். ஹாலண்ட் குணமாகித் திரும்பும் வாரம் எங்கள் லீக்கில் அவர்தான் டிஃபரென்ஷியல். 2022-23இல் 36 கோல் போட்டவரைக் குடவிளக்கு என்று எப்படி அழைப்பது?

ஆகவே அண்ணா, குடவிளக்கைத் திறமை வெளியே தெரியாத வீரருக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு சொல் தேவைதான். நாம் தேடும் சொல் வீரரின் ஒளியை அளக்கக் கூடாது. எடுக்கப் போன நம் கை அவரை விட்டுவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்க வீட்டுக் காரணமும் உண்டு. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை இருக்கிறது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ் பேசும் அந்தத் தெருக்களில் கால்பந்து அப்படி ஊறியது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூர்க்காரர். என் அப்பாவும் அந்தப் பக்கத்து மைதானத்தில் ஆடியவர்தான். தேர்வுக்குப் போய் இடம் கிடைக்காமல் திரும்பிய பையன்களைப் பற்றிப் பேசும்போது, “அவனுக்கு ஆட்டம் போதல” என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. “எடுக்கறவங்க கண்ணுல படல” என்பார். இந்தக் கணினி ஆட்டத்தில் நான் உட்கார்ந்து 15 பேரை எடுக்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் கேட்கும்.

ஏன் கண்ணில் படுவதில்லை? ஷெஃபீல்டு யுனைடெட்டின் லண்ட்ஸ்ட்ராம் நல்ல எடுத்துக்காட்டு. 2019-20இல் அந்த அணி அப்போதுதான் மேல் பிரிவுக்கு ஏறி வந்திருந்தது. தளத்தில் அவர் பெயர் தடுப்பாட்டக்காரர் பட்டியலில், விலை 40 லட்சம் பவுண்டு. களத்தில் அவர் ஆடியதோ நடுக்களத்தில். நடுக்களக்காரர் கோல் போட்டால் 5 புள்ளி, தடுப்பாட்டக்காரர் போட்டால் 6. அணி கோல் வாங்காமல் முடித்தால் தடுப்பாட்டக்காரருக்கு 4 புள்ளி, நடுக்களக்காரருக்கு 1தான். ஒருவர் ஆட்டத்தைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த லாபம் தெரியவே தெரியாது. அந்த நவம்பரில் பர்ன்லியோடு ஆடிய ஆட்டத்தில் அவர் 2 கோல் போட்டார், அணியும் கோல் வாங்கவில்லை. ஆடியதற்கு 2, கோல்களுக்கு 12, கோல் வாங்காததற்கு 4, ஊக்கப் புள்ளி 3. ஆக 21! அதற்குள் ஏராளமானவர்கள் அவரை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் வாரத்திலேயே எடுத்தவர்களுக்குத்தான் முழு அறுவடை.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் கிறிஸ் உட் கதை இன்னொரு வகை. 2023-24இல் 14 லீக் கோல் போட்டிருந்தார். ஆனால் அவர் அணி 17ஆம் இடத்தில் முடித்து, கீழே இறங்காமல் தப்பியிருந்தது. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த பருவத்தில் 60 லட்சம் பவுண்டுக்கு அவர் கடைத்தெருவில் நின்றபோது, பெரிய கிளப் பெயர்களைத் தேடிய நம்மில் பலர் அவரைத் தாண்டிப் போனோம். அவர் 20 கோல் போட்டார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆயா சொன்னது நினைவுக்கு வந்தது. திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக நிலம் கிடையாது. அறுவடை முடிந்த வயலில் ஆயா கதிர் பொறுக்கப் போவாள். வரப்போரத்தில் அரிவாள் எட்டாத கதிர், கட்டுக் கட்டும்போது நழுவிய கதிர், மழையில் சாய்ந்து கிடந்ததால் அறுத்தவர் கண்ணுக்குத் தப்பிய கதிர். “அறுத்துக் கட்டின நெல்லும் இதுவும் ஒரே ருசிதான்” என்பாள். ஒரு வாரத்து அரிசி அப்படித்தான் வீட்டுக்கு வரும்.

அதனால் என் முன்மொழிவு: விடுகதிர்.

குடிநீர், சுடுசோறு, ஊறுகாய் போல இது வினைத்தொகை. விட்ட கதிர், விடுகின்ற கதிர், விடும் கதிர் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். போன வாரம் எல்லாரும் விட்டது, இந்த வாரம் விட்டுக்கொண்டிருப்பது, விலை ஏறும்வரை இன்னும் விடப்போவது என எல்லாமே அதில் அடங்கும். விட்டது அறுத்தவரின் செயல். கதிர்மேல் எந்தக் குறையும் ஏறவில்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 0.1 சதவீதம் பேர் மட்டும் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்த வீரர் களத்துக்கே வருவதில்லை என்றால் அவர் டிஃபரென்ஷியல் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். அதற்கு நம்மிடம் ‘பதர்’ தயாராக இருக்கிறது. மணி இருந்தால்தான் கதிர். புதிதாக ஆட வருகிறவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒருவரை எடுப்பதற்கு முன் கடைசி நாலு ஆட்டங்களில் எத்தனை நிமிடம் ஆடினார், பெனால்டி யார் அடிக்கிறார், அடுத்த மூன்று எதிரணிகள் யார் என்று பார்க்க வேண்டும். பதரைக் கதிர் என்று எடுத்தால் அந்த வாரம் போச்சு.

எல்லாரும் ஒரே மாதிரி வைத்திருக்கும் டெம்ப்ளேட் அணிக்கு ‘வார்ப்பணி’ போதும். விக்கிப்பீடியாவில் வார்ப்புரு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து

---

நண்பர்களுக்கு மீண்டும் வணக்கம்.

ஒரே நாளில் இவ்வளவு மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

> தம்பி, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ‘பயிர் கதிர் விட்டிருக்கிறது’ என்றால் புதிதாகக் கதிர் வந்திருக்கிறது என்று பொருள். விடுகதிர் என்றால் அப்படித்தானே தோன்றும்?

அம்மா, நீங்கள் சொல்வது சரி. எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை. படித்ததும் ஒரு மணி நேரம் சொல்லையே கைவிட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் பார்த்தால், அந்தப் பொருளும் இங்கே தவறாகப் போய் நிற்கவில்லை. நாம் எடுக்க விரும்பும் ஆள் காயத்திலிருந்து திரும்பியவர், புதுப் பயிற்சியாளர் வந்ததும் இடம் பிடித்தவர், மூத்த வீரர் வெளியேறியதும் பெனால்டி கைக்கு வந்தவர். எல்லாரும் இப்போதுதான் கதிர் விடுகிறவர்கள். அறுத்தவர் விட்ட கதிர், பயிர் விட்ட கதிர் என இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. முதல் பொருளை விளக்கத்தில் வைத்து, உங்கள் பொருளை அடுத்த வரியில் சேர்க்கிறேன். சம்மதமா அம்மா?

> நகரத்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். வயலையே பார்க்காதவர்களுக்குக் கதிர் என்றால் என்ன புரியும்?

நியாயமான கேள்வி. என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எங்கள் 12 பேரில் அவனும் ஒருவன். அவனிடம் சொல்லைச் சொல்லி, ஆயா கதிர் பொறுக்கியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அலைபேசியில் அவனிடமிருந்து செய்தி: “மாமா, இந்த வாரம் உங்க கதிர் யாரு?” டிஃபரென்ஷியலை அவன் செட்டு ‘டிஃப்’ என்று சுருக்கும். இதையும் அவனாகவே சுருக்கிக்கொண்டான். வயலைப் பார்க்காத பையனுக்கு அந்தக் கதையே வயலைக் காட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

விடுகதிர் வந்தாரா, வந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். நட்சத்திரம் வந்தார் என்று எழுதுகிறோம் அல்லவா, அப்படியே எழுதலாம்.

விக்சனரிக்கு நான் எழுதி வைத்திருக்கும் வரி இது: ‘விடுகதிர் – கனவணி (ஃபேன்டசி) ஆட்டத்தில், தவறாமல் களம் காணும் நிலையிலும் மிகச் சிலர் மட்டுமே தேர்ந்தெடுத்துள்ள வீரர், பலர் கண்ணுக்குத் தப்பிய தேர்வு.’ சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ தோன்றினால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள்.

இந்த வாரம் முதல் ஆட்டம் சனிக்கிழமைதான். இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள், அதனால் ஆட்டம் நமக்கு மாலை 6 மணிக்கு. அணியை மாற்ற அதற்கு 90 நிமிடம் முன்புவரைதான் நேரம். ஆடுகிறவர்கள் எல்லாரும் நாலரை மணிக்குள் உங்கள் விடுகதிர் யார், ஏன் என்று இந்த இழையிலேயே எழுதுங்கள். சொல் வாயில் நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து