க்ரீமாவின் அந்த ஒரு சொட்டுக் கண்ணீர்: யாருக்காக?

மாடவீதி:
லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் இரண்டாம் பாகம், 2002-ல் வந்ததே, அதில் ஒரு காட்சி. ரோஹன் மன்னர் தியோடனின் காதருகே உட்கார்ந்தே நாட்டைக் குட்டிச்சுவராக்கிய க்ரீமா, விரட்டப்பட்டதும் தன் எஜமானான கெட்ட மந்திரவாதி சாருமானிடம் ஓடுகிறான். கோபுரத்து மாடத்திலிருந்து கீழே பார்த்தால் சாருமான் உருவாக்கிய உருக்-ஹை அரக்கர் படை, பத்தாயிரம் பேர். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிகிறது. வசனம் இல்லை, விளக்கமும் இல்லை. நான் சொல்வது, அது சொந்த ஜனத்துக்காக வந்த அழுகை. அவனும் ரோஹன்காரன்தானே.

ராயபுரம் வாத்தியார்:
வில்லனின் எடுபிடிக்கெல்லாம் மனசாட்சி தேடுவது இப்போது ஃபேஷன். சார், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? ரோஹன் ஜனங்கள் தஞ்சம் புகும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டை மதிலின் அடியில் ஒரு சின்ன வடிகால் உண்டு, அதுதான் பலவீனம் என்று சொல்லிக்கொடுத்தது இதே ஆள்தான். பிறகு வெடி வைத்ததும் அங்கேதான். வீட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழுகிறவனை நான் நம்ப மாட்டேன். அது வெறும் பயம். கொஞ்சம் பிரமிப்பும் இருக்கலாம்.

பால்கனி டிக்கெட்:
ஒரு தகவல் மட்டும். க்ரீமாவாக நடித்த பிராட் டூரிஃப் இந்த வேடத்துக்காகப் புருவத்தை மழித்துக்கொண்டார். பேய்ப்படத்தில் வரும் கொலைகாரச் சக்கி பொம்மைக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. புருவம் இல்லாத முகத்தில் பயத்தையும் துக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நீங்கள் ரெண்டு பேரும் அடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாடவீதி:
வாத்தியார் சார், நீங்கள் கூப்பிட்ட சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது. வடிகாலைப் பற்றிச் சொன்னவன் அதோடு நிறுத்தவில்லை. மதில் விழுந்தாலும் கோட்டையைப் பிடிக்கக் கணக்கில்லாத ஆட்கள் வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும் என்கிறான். பல்லாயிரம் என்று திருத்துகிறார் சாருமான். அப்படி ஒரு படையே கிடையாதே பிரபு என்கிறான் க்ரீமா. மாடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது, நடக்காது என்று நினைத்துக்கொண்டுதான் அவன் ரகசியத்தைச் சொன்னான். அவனைப் பொறுத்தவரை துரோகம் அதுவரை வெறும் வாய்ப்பேச்சு. காதில் ஓதியே பிழைத்தவன் இல்லையா? தான் சொன்ன சொல் கால் முளைத்து, ஈட்டியோடு நடப்பதை முதல்முறையாகப் பார்க்கிறான்.

இன்னொன்று. மூல நாவலில் இப்படி ஒரு காட்சியே இல்லை. அதில் க்ரீமா சாருமானின் கோட்டையான ஐசென்கார்டுக்கு வந்து சேரும்போது படை கிளம்பிப் போய், அந்தக் கோட்டையும் வெள்ளத்தில் கிடக்கிறது. படம் எடுத்தவர்கள் மெனக்கெட்டு அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பயத்தை மட்டும் காட்ட இவ்வளவு எதற்கு?

ராயபுரம் வாத்தியார்:
இளவரசன் தியோட்ரெட் செத்துக் கிடக்கும்போது, ஐயோ மன்னருக்கு ஒரே பிள்ளை என்று மன்னரின் மருமகள் முறையான, தங்கை மகள் எயோவினிடம் துக்கம் விசாரிக்கிறானே, அதையும் நம்பிவிட்டீர்களா?

மைதிலி, அண்ணாநகர்:
வாத்தியாரே, அங்கே பார்க்க எயோவின் இருந்தாள். மாடத்தில் யார் இருக்கிறார்கள்? சாருமான் படையைப் பார்த்து முழங்கிக்கொண்டிருக்கிறார். யாருமே பார்க்காத இடத்தில் எதற்கு நடிக்க வேண்டும்?

ஆனால் மாடவீதி சாரோடும் நான் ஒத்துப்போகவில்லை. எயோவினின் அண்ணன் எயோமர் அவனை இறுக்கிப் பிடித்து, உனக்குப் பேசிய விலை என்ன என்று கேட்கும் இடத்தைப் பாருங்கள். க்ரீமா வாய் திறப்பதில்லை. கண் மட்டும் எயோவின் போகும் பக்கம் திரும்புகிறது. விலை அவள்தான். இப்போது மாடத்தில் சாருமான் போடும் உத்தரவு, ஒருவரையும் உயிரோடு விடாதே. அதில் அவளும் சேர்த்திதான். எஜமானர் பேசிய பேச்சைக் காப்பாற்றப் போவதில்லை என்று அவனுக்கு அந்த நிமிஷம் உறைக்கிறது. கைகேயிக்கு ஓதிய கூனி, அயோத்தியே அழுதபோது என்ன முகத்தோடு நின்றிருப்பாள் என்று நான் யோசித்ததுண்டு. இந்தப் படம் அந்த முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறது. அது அழகான முகம் என்று நான் சொல்லவில்லை.

பால்கனி டிக்கெட்:
மேடம் சூப்பர். நம்ம ஊர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும். ஐசென்கார்டுக்கு இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் போட்டது ஐந்து எண்ணிக்கைத் தாளம், கண்டசாபு மாதிரி, இரும்பை அடிக்கிற சத்தத்தோடு. இசையிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

ராயபுரம் வாத்தியார்:
மைதிலி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதில் கவிழ்வது மாடவீதி சாரின் கட்சிதான். ஜனத்துக்காக இல்லை, கைக்குக் கிடைக்காமல் போகிறாளே என்று. இதற்குப் பெயர் குற்ற உணர்வா? போதாததற்கு, மன்னர் அவனை வெட்டப் போகும்போது உயிரைக் காப்பாற்றிவிட்டு நாயகன் அரகார்ன் கை நீட்டினால் அதில் துப்புகிறான்.

மாடவீதி:
துப்பியது படையைப் பார்ப்பதற்கு முன்னால். பார்த்த பிறகு அவன் எப்படி இருந்தான் என்று தெரிய, மூன்றாம் பாகத்தின் நீட்டித்த பதிப்புக்குப் போக வேண்டும். கோபுரத்தின் கீழிருந்து தியோடன், நீ எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை, ஒரு காலத்தில் ரோஹன் மனிதன், இறங்கி வா என்கிறார். எயோவின் பேச்சே அங்கே இல்லை. இவனுக்கு ஒருநாளும் விடுதலை கிடையாது என்கிறார் சாருமான். இல்லை என்கிறான் க்ரீமா. அறை வாங்குகிறான், அப்புறம் சாருமானையே குத்துகிறான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ராயபுரம் வாத்தியார்:
தியேட்டருக்கே வராமல் வெட்டிய காட்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது, சார். வேறு ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.